வரியின் வாலை விழுங்கிய கொம்பியூட்டர்

போன மாதம் நான் வேலை செய்த பழைய ரிப்பேர் கடைப் பிள்ளைகள் எனக்கு ஃபோன் எடுத்தார்கள். நான் கண் மங்கி வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. ஆனாலும் ஏதாவது சந்தேகமென்றால் கூப்பிடுவார்கள். "நஸீர் நானா, ஒராள் கிழட்டு மெஷின் ஒண்டத் தூக்கிட்டு வந்து, இதில வீட்டில பாட்டு ரெக்கோட் பண்ண ஏலுமா எண்டு கேட்டார். நெட்டில பாத்தம். ஏலாது எண்டு அனுப்பிட்டம். சரிதானே?"

அனுப்பிவிட்டுச் சரியா என்று கேட்கிறார்கள்! மூடியைக் கழற்றினீர்களா என்றேன். இல்லையாம். போட்டுப் பார்த்தீர்களா? இல்லை. பத்து நிமிஷமாவது பேசிப் பதிந்து கேட்டீர்களா? "நானா, அதத்தான் நெட் ஒரு நிமிஷத்தில சொல்லுதே" என்றான் ஒருவன். வந்த கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. மூடியைக் கழற்றி, போட்டுப் பார்த்து, பத்து நிமிஷம் பேசிப் பதிந்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்த நானே ஒருமுறை மூன்று கிழமை முட்டாளாக அலைந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் வாசித்துச் சிரிக்கட்டும்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது. கையில் ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு சோல்டரிங் அயன். வேலை தேடிப் போன இடத்தில் கடை முதலாளி ஹாஜியார் அயனைத்தான் முதலில் பார்த்தார். நுனி சுத்தமாக இருந்ததாம். நாளைக்கே வரச் சொன்னார். முதலில் றேடியோ, பிறகு டீவி, பிறகு கொம்பியூட்டர் என்று கடைக்கு வந்த சாமான்கள் மாறின. நாங்கள் இரண்டு பேரும் மாறவில்லை.

ஹாஜியார் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் "மகன்", "நீ". கொஞ்சம் பிழை விட்டால் "நஸீர்", "நீங்க". "நஸீர் அவர்களே" என்று தொடங்கிவிட்டால், அன்றைக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்காது. கடையில் கெட்டி அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வைத்திருந்தார். வருகிற ஒவ்வொரு மெஷினுக்கும் அதில் ஒரு பக்கம். கொண்டுவந்தவர் யார், என்ன கேட்டார் என்று எழுதி, சோதித்து முடித்ததும் கடைசியில் "ஓடும்" அல்லது "ஓடாது" என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். "ஓடும்" என்று எழுதியவன் அதை ஓடவைத்தே ஆகவேண்டும். அது கடைச் சட்டம்.

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருஷமிருக்கும். ஒருநாள் காலையில் கல்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழியிலிருந்து சூசை என்கிற சம்மாட்டியார், வள்ளச் சொந்தக்காரர், வந்தார். அறுபது வயதுக்கு மேல், வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. பழைய வலைத்துண்டில் சுற்றிய ஒரு கொம்பியூட்டரை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இதுல ஒராள் ரெண்டு ஆளாப் பாட ஏலுமா?" என்றார்.

கதையைக் கேட்டோம். அவர்களுடைய கோயிலில் தவக்காலம் முழுக்கப் பசாம் பாடுவார்கள், இயேசுநாதர் பட்ட பாடுகளைச் சொல்லி அழுகிற பாட்டு. ஆண்கள் இரண்டு பக்கமாக நிற்பார்கள். வலது பக்கம் ஒரு வரி, இடது பக்கம் மறு வரி. முப்பது வருஷமாக வலது பக்கத்துக்குச் சூசை அண்ணன், இடது பக்கத்துக்கு அவருடைய தம்பி அந்தோனி. அதற்கு முன் அவர்களுடைய தகப்பனார். இப்போது அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தோனி கடற்கரையில் தன் பங்கு நிலத்தை, பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்கு லொட்ஜ் நடத்துகிற ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார். அவர் வேலி போட்டார். சூசை அண்ணன் வள்ளத்தை இழுத்தேற்றுகிற வழி அடைபட்டது. பத்து மாதமாக அண்ணன் நடக்கிற பக்கத்தில் தம்பி நடப்பதில்லை.

"இந்த வருசம் மத்தப் பக்கம் நிக்க மாட்டானாம். ரெண்டு பக்கமும் இல்லாட்டிப் பெரிய வெள்ளிக்கிழமைக்குச் சிலாபத்தில இருந்து ஒரு கூட்டத்தக் கூப்பிடுவன் எண்டு பாதர் சொல்லிட்டார். ஓகன் வாசிக்கிற ஆளோட வருவாங்களாம், தம்பி! எங்கட அப்பா நிண்ட இடத்தில ஓகன்!" மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ரெண்டு பக்கத்தையும் நானே இதில பாடிப் பதியிறன். வெள்ளிக்கிழமை என்ட பக்கத்த நேர நிண்டு பாடுவன். அவன்ட பக்கத்த ஸ்பீக்கர் பாடட்டும்."

"மெஷின் எங்கால எடுத்த, சம்மாட்டியார்?" என்று ஹாஜியார் கேட்டார்.

சூசை அண்ணன் கூரையைப் பார்த்தார். "அந்த லொட்ஜ்காரன் வீசினதுதான். வீசினத எடுத்தாப் பாவமில்லத்தானே?"

ஹாஜியார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கொப்பியை என் பக்கம் தள்ளினார். "மகன், இது உன்ட கேஸ்."

ஒரு பழைய மெஷினில் பாட்டுப் பதிய முடியுமா என்று நாங்கள் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் மூடி. கழற்றினால் உள்ளே பாதிக் கடற்கரை கிடந்தது. மணல், உப்பு, ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை. தூரிகையால் கூட்டி அள்ளினேன். அடுத்தது ஹாஜியாரின் பிளேன்டீ சோதனை. சுவிட்சைப் போட்டதும் ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றி அவசரமில்லாமல் குடிக்க வேண்டும். கோப்பை காலியாகும்போது மெஷின் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். இந்த மெஷினுக்கு இரண்டரைக் கோப்பை போனது. காற்றடிக்கிற திசை, காற்றின் வேகம், அலையின் உயரம் என்று லொட்ஜ்காரர் ஏற்றி வைத்திருந்த சாமான்கள் எல்லாம் தொடக்கத்திலேயே எழும்பி உட்கார்ந்துகொண்டிருந்தன. அவற்றைத் துடைத்தேன். செத்துப்போன இன்னொரு மெஷினிலிருந்து ஒரு றாம் துண்டைப் பிடுங்கிச் செருகினேன். ஒரு கோப்பைக்குள் எழும்பியது.

பிறகு இடம். ஒரு குரலைப் பதிந்தால் நிமிஷத்துக்கு ஐந்து எம்பியாவது தின்னும். ஹார்ட் டிஸ்க் நிறைய வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்குகிற படங்கள். எல்லாவற்றையும் அழித்தேன். இலவசமாகக் கிடைக்கிற ஒரு பதிவு சொஃப்ட்வெயரை ஏற்றி, மைக்குக்கு முன்னால் கை தட்டினேன். தட்டுகிற சத்தம் ஹெட்ஃபோனில் எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்க்க வேண்டும். அதிகம் பிந்தினால் பாடுகிறவர் தடுமாறுவார். சின்னதாகத்தான் பிந்தியது, ஒரு செட்டிங்கை மாற்ற அதுவும் சரியாகிவிட்டது.

கடைசியாகப் பத்து நிமிஷப் பதிவு. இதை ஹாஜியார் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். பேப்பரை விரித்து மரண அறிவித்தல்களை மைக்கில் வாசிப்பார், மனம் உருகி, ஒவ்வொரு பேரனையும் பேத்தியையும் விடாமல். அதை ஓடவிட்டுக்கொண்டே இரண்டாவது தடத்தில் நான் ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை எண்ண வேண்டும். மெஷின் ஒரே நேரத்தில் வாயும் காதுமாக இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கேட்டோம். இறந்தவர்களின் பெயர்கள் போய்க்கொண்டிருக்க, பின்னால் என் குரல் இருநூற்று மூன்று, இருநூற்று நான்கு என்று எண்ணிக்கொண்டு போகிறது. மௌஸ் வாங்க வந்த ஒரு மனிதர் வாங்காமலே போய்விட்டார். ஆனால் ஒரு சொல் குறையவில்லை, ஒரு எண் விடுபடவில்லை. கொப்பியில் "ஓடும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

மெஷினை மடியில் வைத்து பஸ்ஸில் கண்டக்குழிக்குக் கொண்டுபோனேன். சூசை அண்ணன் வீட்டில் ஒரு சின்ன அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் வலையைத் தொங்கவிட்டோம். எதிரொலி போனது, மீன் நாற்றம் வந்தது. நான் ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் இறுக்கி மாட்டிக்கொண்டு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டேன். சூசை அண்ணன் சிலுவை போட்டுவிட்டு முதலில் தன் பக்கத்து வரிகளைப் பாடினார். என்ன குரல் அது! எனக்கு அந்தப் பாட்டும் தெரியாது, அந்தச் சமயமும் என்னுடையதல்ல. ஆனாலும் நெஞ்சு கனத்தது.

முடிந்ததும் அவருடைய பாட்டுக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டுக் கேட்டேன். கொப்பியில் "முள்முடி சுமந்து நின்றீர் என் ஐயனே" என்று இருந்தது. மெஷின் "முள்முடி சுமந்து நின்றீர் என்" என்றது. "ஐயனே" இல்லை. அடுத்த வரியிலும் "என்" வரைக்கும்தான். அவருடைய பக்கத்து வரிகள் எல்லாவற்றிலும் வாலைக் காணோம்.

"நான் பாடினனே!" என்றார் சூசை அண்ணன்.

"பாடினார், நான் கேட்டன்" என்றார் அவருடைய மனைவி றீற்றாக்கா. வாசலில் நின்று கேட்ட அயலவர்களும் அடித்துச் சொன்னார்கள். நான்தான் ஹெட்ஃபோனுக்குள் இருந்தேனே, எனக்கென்ன தெரியும்? மெஷின் விழுங்கிவிட்டது என்றுதான் நம்பினேன். பழைய மெஷின் மூச்சு முட்டினால் இடையிடையே சத்தத்தைத் தவறவிடுவது உண்டு.

சூசை அண்ணனுக்கு வேறு காரணம் தோன்றியது. "இது லொட்ஜ்காரன்ட மெஷின். ஆண்டவர்ட பேர் வாற இடத்தில வாய மூடுது!" உடனே றீற்றாக்கா தீர்த்தப் போத்தலோடு வந்தார். திறந்து கிடந்த மெஷினுக்குக் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

"வேணாம் அக்கா! கரண்ட் இருக்கு!"

"தீர்த்தம் ஒண்டும் செய்யாது தம்பி."

"தீர்த்தம் செய்யாது, தண்ணி செய்யும்!"

கடைக்குத் திரும்பினேன். "என்ன மகன்?" என்றார் ஹாஜியார். செட்டிங் பிழை என்று சொல்லி, மாற்றிக்கொண்டு மறு கிழமை போனேன். அதே வால் இல்லை. மைக், வயர் இரண்டையும் மாற்றினேன். இல்லை. "நஸீர், என்ன சொல்றீங்க?" ஹார்ட் டிஸ்க்கையே மாற்றி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, மூன்றாம் முறை போனேன். கல்பிட்டி பஸ் கண்டக்டருக்கு என்னைப் பழகிவிட்டது. "என்ன நானா, இன்னும் வருத்தம் சுகமாகல்லியா?" என்று மடியிலிருந்த பெட்டியைத் தடவிக் கேட்டான். சுகமாகவில்லை. குருத்தோலை ஞாயிறும் போய்விட்டது. பெரிய வெள்ளிக்கு நான்கே நாள். சூசை அண்ணன் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "விடு தம்பி, சிலாபத்தாக்கள் வரட்டும். நான் கடல்லயே கிடக்கிறன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதிவை ஒரு சீடியில் எழுதிக்கொண்டு கடைக்கு வந்தேன். ஹாஜியார் கொப்பியைத் திறந்து, என் பெரிய கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "நஸீர் அவர்களே, இது உங்கட கையெழுத்துத்தானே?"

பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் கையை உயர்த்தினார். அந்த இடம் எனக்குத் தெரியும். பாட்டு நடக்கும்போது ஒரு கோழி அறைக்குள் வந்துவிட்டது. றீற்றாக்கா போட்ட சத்தமும் சேர்ந்து பதிந்திருந்தது: "இந்தக் கோழிய ஆரு உள்ள விட்டது? கதவ மூடுங்கோ, மூடுங்கோ எண்டு நூறு தரம் சொன்னன், ஒருத்தருக்கும் காது கேக்காதா?"

ஹாஜியார் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டார். "மகன், பொம்புளட ஏச்சு ஒரு எழுத்துக் குறையாம இரிக்கி. விழுங்கிற மெஷினெண்டா இதையும் விழுங்கணுமே? இத விழுங்காத மெஷின் எதையும் விழுங்காது." அவர் குடையை எடுத்தார். "வா, போவம்."

கண்டக்குழியில் அவர் செய்த முதல் வேலை மெஷினை நிறுத்தச் சொன்னதுதான். என் ஹெட்ஃபோனையும் கழற்றி வாங்கினார். பாட்டுக் கொப்பியை மடியில் விரித்து, முதல் வரியின் கீழே விரலை வைத்துக்கொண்டு, "சம்மாட்டியார், மெஷின் இல்லாமப் பாடுங்க" என்றார்.

சூசை அண்ணன் பாடினார். ஹாஜியாரின் விரல் சொல் சொல்லாக நகர்ந்து "என்" என்ற இடத்தில் நின்றது. சூசை அண்ணன் மூச்சை இழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டார். விரல் அங்கேயே நின்றது. மூன்று வரியிலும் அப்படித்தான்.

"மெஷின் விழுங்கல்ல. நீங்க பாடல்ல."

"என்ன கத இது, ஹாஜியார்? முப்பது வருசமாப் பாடுறன்! எனக்கே சொல்லித் தாறீங்களா?"

"இன்னொருக்காப் பாடுங்க. இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

பாடினார். இந்த முறை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். "என்" என்றார், மூச்சை இழுத்தார். றீற்றாக்கா தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தார். "ஐயோ மாதாவே! இவர் சொல்லுறார் இல்லயே!" அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். அவர் விட்டதை அவரவர் காதே நிரப்பிக் கேட்டிருக்கிறது.

விசயம் மெல்ல மெல்ல வெளியில் வந்தது. சின்ன வயதில் தகப்பனார் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பழக்கியபோது, ஒருவன் வரியின் கடைசிச் சொல்லை மற்றவனுக்கு விட வேண்டும் என்று வைத்திருந்தார். அண்ணன் விட்ட சொல்லைத் தம்பி எடுத்துக்கொண்டு தன் வரிக்குப் போவான். தம்பி விட்டதை அண்ணன் எடுப்பான். அந்த இடைவெளியில்தான் மற்றவன் மூச்சு வாங்குவான். வரவர அது பழக்கமாகி, பிறகு மறந்தே போய்விட்டது. சூசை அண்ணன் இப்போது முயன்று "ஐயனே" என்று இழுத்துப் பார்த்தார். மூச்சு போதவில்லை, ராகம் வழுக்கியது, அடுத்த வரி இருமலில் முடிந்தது. அந்தப் பெரிய மனிதர் வலைகளுக்கு நடுவில் விழித்துக்கொண்டு நின்றார்.

ஹாஜியார் கடைக் கொப்பியை வெளியே எடுத்தார். என் "ஓடும்" என்ற சொல்லுக்குக் கீழே "ஆள் ஒன்று குறைகிறது" என்று எழுதி, தானும் கையெழுத்து வைத்தார். "மெஷின் சரி. பார்ட் ஒண்டு இல்ல. இல்லாத பார்ட்டத் தேடுறது எங்கட வேல. மகன், போய்க் கொண்டு வா."

"நான் அவனக் கூப்பிட மாட்டன்" என்றார் சூசை அண்ணன்.

"உங்களயா போகச் சொன்ன?" என்றார் ஹாஜியார்.

பதிவை என் ஃபோனில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். அந்தோனி தன் மீன்வாடியில் உட்கார்ந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணன் போலவே உடம்பு, அண்ணனைவிடக் கோபமான மீசை.

"அண்ணன்ட கத கதைக்க வந்தீங்களெண்டா அப்பிடியே திரும்பிப் போங்க."

ஃபோனை மணலில் வைத்து அமத்தினேன். "முள்முடி சுமந்து நின்றீர் என்" என்றது ஃபோன். அந்தோனி தலையை நிமிர்த்தவே இல்லை. ஊசி ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் தானாகத் திறந்து "ஐயனே" என்று இழுத்தது. அடுத்த வரி வந்தது, மறுபடியும் "ஐயனே". மூன்றாவது வரியில்தான் ஊசி நின்றது.

"ஏன் இவன் அரைவாசியில நிப்பாட்டுறான்?"

"நிப்பாட்டல்ல, அந்தோனி அண்ணன். அதுக்குமேல அவருக்குப் பாடத் தெரியாது."

"முப்பது வருசமா அத நான்தான் பாடுறன் எண்டு அவனுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்" என்றார். பிறகு வலையைத் தள்ளிவிட்டு எழும்பினார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தார்.

அறைக்குள் வந்தவர் அண்ணனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரோரம் போய் நின்று என்னிடம் சொன்னார்: "மெஷினப் போடுங்க." நான் போட்டேன். இருபது நிமிஷம் பாடினார்கள். ஒருவன் சொல் முடிகிற இடத்தில் மற்றவன் பிடித்துக்கொண்டான். எங்கே கை மாறுகிறது என்று ஹெட்ஃபோனில்கூட எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் மூன்று கிழமை சோதித்து வைத்திருந்த இரண்டு தடத்துக்கும் வேலை இருக்கவில்லை. ஒரு பழைய கசெற் ரெக்கோடரே போதுமாக இருந்திருக்கும். கடைசி வரி முடிந்தபோது றீற்றாக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஹாஜியார் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோனிதான் முதலில் வாய் திறந்தார், அதுவும் சுவரைப் பார்த்து. "வேலியில ஒரு கேற் வைக்கச் சொல்லுறன். வள்ளம் போற அகலத்துக்கு."

"ம்" என்றார் சூசை அண்ணன். றீற்றாக்கா சோறு போடப் போனார்.

நான் பதிவுக்குப் பெயர் வைத்துச் சேமித்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு வால் குறையவில்லை. என் தொழிலில் அதைப்போல ஒரு பதிவு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "எத்தின சீடி அடிக்க?" என்று கேட்டேன்.

"அடிக்க வேணாம்" என்றார் சூசை அண்ணன். "அழிச்சுப்போடு, தம்பி."

"என்ன அண்ணன் சொல்றீங்க? மூணு கிழம!"

"வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் நேர நிண்டு பாடுவம். இது இருந்தா அடுத்த வருசம் இவன் வராம விட்டுருவான்."

"இவர் மட்டும் வந்து கிழிச்சிருவாராக்கும்" என்றார் தம்பி.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் சொன்னபடி செய் என்று கண்ணால் காட்டினார். அந்தப் பதிவின்மேல் மௌஸை வைத்து அமத்தினேன். உண்மையாகவே அழிக்கவா என்று கொம்பியூட்டர் கேட்டது. அதை நான் வாய்விட்டு வாசித்தேன்.

"ஓம்" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரேயடியாக.